கோட்டையும் அரண்மனையும் பார்த்தாயிற்று, இனி எங்கே?

கேள்வி இது: "படிப்புக்காக ஒரு வருடம் இங்கிலாந்து வந்திருக்கிறேன். லண்டன் டவர், விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் எல்லாம் பார்த்தாயிற்று. டிக்கெட் விலையும் கூட்டமும் கட்டுப்படியாகவில்லை. பழைய கட்டடங்கள் பிடிக்கும், ஆனால் கட்டடக்கலை படித்ததில்லை. அதிகம் பேர் கவனிக்காத இடங்கள் எவை, எப்படித் தேடுவது, போய் என்ன பார்ப்பது?"

மூன்றில் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எதைப் பார்ப்பது என்று பிடிபட்டுவிட்டால் இடம் தேடி ரொம்ப அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு பொழுது ஓடிவிடும்.

லண்டனில் இறங்கிய முதல் வாரத்திலேயே சிவப்பு டெலிபோன் பூத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான். அடுத்த தடவை அந்தப் பூத்தின் தலையைப் பாருங்கள். கூரை தட்டையாக இருக்காது. நாலு பக்கமும் மெல்ல வளைந்து எழும்பி, குடை விரித்த மாதிரி இருக்கும். 1924-ல் நடந்த ஒரு போட்டிக்காக அதை வரைந்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். இப்போது செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் பத்து நிமிடம் நடந்தால் பழைய செயின்ட் பாங்க்ரஸ் சர்ச்சின் கல்லறைத் தோட்டம் வரும். அங்கே ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர், 1815-ல் இறந்துபோன தன் மனைவிக்காக எழுப்பிய சமாதி இருக்கிறது. அதன் உச்சியிலும் அதே குடை. சோன் வாழ்ந்த வீடு இன்று இலவச அருங்காட்சியகம். ஸ்காட் அதன் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தவர். பூத்தின் கூரை இந்தச் சமாதியிலிருந்துதான் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மரத்தில் செய்த முதல் மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் பிக்கடில்லியில் ராயல் அகாடமி வாசலுக்குள் நிற்கிறது. பக்கத்து கிங்ஸ் கிராஸில் ஹாரி பாட்டர் தள்ளுவண்டியோடு படம் எடுக்க நீள வரிசை நிற்கும். இந்தச் சமாதி முன்னால் பெரும்பாலும் நீங்களும் ஒரு அணிலும்தான்.

செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷன் இருக்கும் சாலையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளி யூஸ்டன் ஸ்டேஷன். அதன் முன்னால் கிரேக்கக் கோயில் வாசல் போல பிரம்மாண்டமான ஒரு கல் தோரணம் இருந்தது. 1961, 62-ல் எத்தனையோ பேர் கெஞ்சியும் கேளாமல் இடித்துவிட்டார்கள். அந்தக் கல்லில் கணிசமான பகுதியைக் கிழக்கு லண்டனில் ஒரு ஆற்றுப் படுகையில் பள்ளம் நிரப்பக் கொட்டியிருந்தது 1990-களில்தான் தெரியவந்தது. அந்த இடிப்பு கிளப்பிய ஆத்திரம் பக்கத்து செயின்ட் பாங்க்ரஸைக் காப்பாற்றியது என்று தாராளமாகச் சொல்லலாம். 1967-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 1 தரத்தில் சேர்த்தார்கள்.

சரி, தெருவுக்கு வருவோம். லண்டன் வீடுகளின் வயதை ஜன்னலை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். 1666 பெருந்தீக்கு அடுத்த வருடம் வந்த சட்டம், வெளிச்சுவர்கள் செங்கல்லிலோ கல்லிலோ இருக்க வேண்டும் என்றது. ஆனால் ஜன்னலின் மரச்சட்டம் சுவரின் வெளிமுகத்தோடு ஒட்டியே இருந்ததால் அது சுலபமாகத் தீப்பிடித்தது. 1709-ல் இன்னொரு சட்டம், அந்தச் சட்டத்தை நாலு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. (சட்டத்தைத் தள்ளச் சொல்லும் சட்டம். இந்த விளையாட்டு தமிழில் மட்டும்தான் கிடைக்கும்.) 1774-ல் வந்த மூன்றாவது, கண்ணாடி ஏறி இறங்கும் மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் ஒளித்துவிடச் சொன்னது. வெஸ்ட்மின்ஸ்டர் பக்கத்தில் குயின் ஆன்ஸ் கேட் என்ற சின்னத் தெருவுக்குப் போனால், 1704 வாக்கில் கட்டிய வீடுகளில் ஜன்னல் சட்டங்கள் சுவரின் முகத்தோடு சமமாக, வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து பஸ் பிடித்து 1775-ல் தொடங்கிய பெட்ஃபர்ட் சதுக்கத்துக்குப் போங்கள். ஜன்னல்கள் குழியில் உட்கார்ந்த கண் மாதிரி உள்ளே போயிருக்கும், மரம் ஒரு மெல்லிய கோடாக மட்டும் தெரியும். எல்லா ஊரிலும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, லண்டனுக்கு வெளியே கொத்தனார்கள் இதையெல்லாம் சாவகாசமாகத்தான் பின்பற்றினார்கள். ஆனாலும் கண் பழக இது நல்ல பாடம்.

பெட்ஃபர்ட் சதுக்கத்தில் வாசல் வளைவுகளின் உச்சியில் தாடி வைத்த முகங்கள் இருக்கும். பார்த்தால் கல், ஆனால் சூளையில் சுட்ட மண். எலினார் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லாம்பெத்தில் நடத்திய பட்டறையில் வார்த்த செயற்கைக் கல் அது. பெண்கள் தொழில் நடத்துவது அபூர்வமாக இருந்த காலத்தில் நாட்டின் பெரிய கட்டடக் கலைஞர்களெல்லாம் அவரிடம் வரிசையில் நின்று சிலை வாங்கினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் கிழக்கு முனையில் நிற்கும் பெரிய சிங்கமும் அந்தக் கல்தான். அவர் இறந்த பிறகு 1837-ல் வார்த்தது. சிங்கத்தின் பிடரி மயிரைக் கூர்ந்து பாருங்கள். கிட்டத்தட்ட இருநூறு வருட மழைக்கும் நிலக்கரிப் புகைக்கும் அசையவில்லை.

செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் கண்டதும் "ஜன்னல் வரி" என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு வரி இருந்தது உண்மை. 1696-ல் வந்து 1851 வரை நீடித்தது, வரிக்குப் பயந்து ஜன்னலை மூடியவர்களும் உண்டு. ஆனால் முகப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்று, உள்ளே படிக்கட்டோ புகைபோக்கியோ வருகிற இடத்தில் கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்ததும் நிறைய. அடைத்த செங்கல்லும் சுற்றியிருக்கும் செங்கல்லும் ஒரே நிறம், ஒரே வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் பிறவியிலேயே குருட்டு ஜன்னல். வேறு நிறச் செங்கல், வேறு சாந்து என்றால் பிறகு அடைத்தது.

லண்டனை விட்டுக் கிளம்பும் முன் ஒன்றே ஒன்று. பிரிக் லேனும் ஃபுர்னியே தெருவும் சந்திக்கும் முனையில் சாதாரணமாக ஒரு செங்கல் கட்டடம். 1743-ல், பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் நெசவாளர்கள் அதைத் தங்கள் சர்ச்சாகக் கட்டினார்கள். 1819-ல் மெதடிஸ்ட் ஜெபக்கூடம் ஆனது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வந்து குடியேறியதும் 1890-களின் கடைசியில் யூத ஆலயம். 1976 முதல் வங்காளிகளின் மசூதி. ஒரே சுவர், ஒரே கூரை. தெருப்பக்கச் சுவரில் மேலே அண்ணாந்து பார்த்தால் ஒரு சூரியக் கடிகாரம், அதில் 1743 என்ற ஆண்டோடு லத்தீனில் இரண்டே சொற்கள்: "நாம் நிழல்." கீழே பிரியாணிக் கடைக்கு ஆள் கூப்பிடுகிறவர்களைத் தாண்டி இதைப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படியே ஃபுர்னியே தெருவுக்குள் திரும்பி வீடுகளின் மேல்மாடியைப் பாருங்கள். சுவர் முழுக்க அகல ஜன்னல் இருக்கும். பட்டுத்தறிக்கு வெளிச்சம் வேண்டுமே.

இனி சர்ச்சுகள். எந்த மதமாக இருந்தாலும், மதமே இல்லையென்றாலும், பிரிட்டனின் பழங்கட்டடம் பார்க்க வந்தவர் கிராமத்து சர்ச்சைத் தவிர்த்தால் பாதிக்கு மேல் இழப்பு. இங்கிலாந்தில் மிக உயர்ந்த தரமான கிரேடு 1 கட்டடங்களில் கிட்டத்தட்ட பாதி சர்ச்சுகள்தான். பகலில் பெரும்பாலும் பூட்டாமல் இருக்கும், டிக்கெட் கிடையாது, கேள்வி கேட்பார் இல்லை. கதவின் இரும்பு வளையம் கனமாக இருக்கும், பூட்டியிருக்கிறதென்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். வளையத்தை முழுக்கத் திருப்பித் தோளால் ஒரு தள்ளு தள்ளுங்கள். பூட்டியே இருந்தாலும் சாவி யாரிடம் என்று முன்மண்டபத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். நான் முதல் தடவை இப்படிச் சாவி கேட்டுப் போன வீட்டில், அரை அடி நீள இரும்புச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "வேலை முடிந்ததும் லெட்டர் பாக்ஸில் போட்டுவிடுங்கள்" என்று கதவைச் சாத்திக்கொண்டார் ஒரு பாட்டி. எண்ணூறு வருடக் கட்டடத்தை முன்பின் தெரியாத ஆளிடம் கொடுத்துவிட்டு அவர் டீ போடப் போய்விட்டார்.

ஒரே ஒரு சர்ச்சுக்குத்தான் நேரம் என்றால், ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ஆஷ்வெல் கிராமத்து செயின்ட் மேரி சர்ச்சுக்குப் போங்கள். அந்தப் பக்கத்தில் கிடைப்பது சுண்ணாம்பு போல மென்மையான வெள்ளைக் கல். கத்தி முனை இருந்தால் போதும், எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். கோபுரத்தின் அடித்தளத்தில், உள்ளே வடக்குச் சுவரில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே கோணல்மாணலாக லத்தீன் வரிகள். கொள்ளைநோய் ஐரோப்பாவை வாரிக்கொண்டு போன காலத்தில் யாரோ கீறியவை. 1350 என்று ஆண்டைச் சுற்றிவளைத்துச் சொல்லிவிட்டு, பரிதாபமான, கொடூரமான காலம் என்கிறது. சனங்களில் எஞ்சியது கடைசி மிச்சம், அவர்களே இதற்குச் சாட்சி என்கிறது. அதன் கீழே இன்னொரு வரி: 1361-ல் உலகமெங்கும் இடித்து முழங்கிய பெரும் புயல். நோயில் தப்பியவர்களின் தலையில் பத்து வருடம் கழித்துக் காற்று வந்து விழுந்திருக்கிறது.

போன் டார்ச்சைச் சுவருக்கு நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளைக் கல். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் கீறல்கள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து வரும். முதல் தடவை அப்படிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தச் சுவரிலேயே, பெருந்தீயில் அழிந்துபோன லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயம் என்று பலர் கருதும் ஒரு சித்திரமும் இருக்கிறது. அப்புறம் தூண்களைப் பாருங்கள், அங்கே சங்கதியே வேறு. ஒன்றில் தலைமைப் பாதிரியார் ஒருவரைக் கழுதை என்று திட்டியிருக்கிறார்கள். இன்னொன்றில், மூலைகள் சரியாகப் பொருத்தப்படவில்லை, காறித் துப்புகிறேன் என்ற பொருளில் ஒரு வரி. கல்தச்சனின் வேலையைப் பார்த்து இன்னொரு கல்தச்சன் எரிச்சலில் எழுதியது என்று நினைக்கத் தோன்றுகிறது. நம்மூரில் ஒரு கொத்தனார் முந்தைய கொத்தனாரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஒரு விஷயம்: கீறல்களைத் தொடவோ, தாள் வைத்துத் தேய்த்துப் படி எடுக்கவோ வேண்டாம். கல் உதிர்ந்துவிடும்.

எந்த சர்ச்சுக்குப் போனாலும் தெற்கு வாசலருகே சுவரில் ஒரு சின்னத் துளையும் அதிலிருந்து விசிறி போலக் கோடுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பூசை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரம், நடுவிலிருந்த குச்சி மட்டும் போய்விட்டது. காம்பஸ் வைத்துக் கீறிய ஆறு இதழ்ப் பூவும் கண்ணில் படும். அது தீய சக்தியைத் தடுக்கும் குறி என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சர்ச்சில் மட்டுமில்லை, பழைய வீடுகளின் அடுப்பங்கரை உத்தரத்திலும் இருக்கும். நாம் வாசலில் பூசணிக்காய் கட்டுகிற மாதிரி. பாடகர் குழு உட்காரும் மர இருக்கைகள் மடிப்பு வகையாக இருந்தால் மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே சாமியார்கள், கீழே தச்சன் தன் இஷ்டத்துக்குச் செதுக்கிய குடிகாரனும் நரியும். லட்லோ ஊரின் செயின்ட் லாரன்ஸ் சர்ச் இதற்குப் பெயர் போனது.

நீங்கள் பாத் போனதாகச் சொன்னீர்கள். அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம் வந்திருந்தால் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன். அங்கே ஒரு முழு சர்ச்சே காணாமல் போயிருந்தது. 1066-ல் நார்மானியர் வருவதற்கு முந்தைய, சாக்சன் காலத்துச் சின்னக் கல் கோயில். காலப்போக்கில் மற்ற கட்டடங்கள் அதன் மேல் சாய்ந்து கட்டப்பட்டு, ஒரு பகுதி பள்ளிக்கூடமாகவும் இன்னொரு பகுதி யாரோ குடியிருக்கும் வீடாகவும் ஆகிவிட்டது. சர்ச் என்று யாருக்கும் நினைவில்லை. 1850-களில் ஊர்ப் பாதிரியார் வில்லியம் ஜோன்ஸ் மேட்டிலிருந்து கீழே கூரைகளைப் பார்த்தபோது அவற்றின் அமைப்பில் ஒரு சர்ச் தெரிந்தது. பழுதுபார்க்கும்போது சுவரின் உயரத்தில் இரண்டு தேவதைச் சிற்பங்களும் கிடைத்திருந்தன. இப்போது ஒட்டுக் கட்டடங்களை நீக்கி, தனியாக நிற்கிறது. உள்ளே போனால் அகலத்தைவிட உயரம் அதிகம், கிணற்றுக்குள் நிற்கிற உணர்வு. மின்விளக்கு இல்லாத நேரத்தில் போவது உத்தமம்.

களஞ்சியங்களையும் சொல்ல வேண்டும். ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு மிக அருகில் ஹார்மண்ட்ஸ்வர்த் என்று ஒரு கிராமம். அங்கே 1426-ல் வின்செஸ்டர் கல்லூரி தன் தானியத்துக்காகக் கட்டிய மரக் களஞ்சியம் நிற்கிறது. சுமார் 58 மீட்டர் நீளம். ஓக் மரத் தூண்கள் இரண்டு வரிசையாகப் போய், நடுவில் அகலமும் இரு பக்கம் குறுகலுமாக, ஒரு பேராலயத்தின் அமைப்பு அப்படியே. தூண்கள் மண்ணில் இறங்காமல் கல் பீடத்தில் நிற்பதால் மக்கிப்போகவில்லை. மரங்களில் பெரும்பாலானவை அன்றைக்கு வைத்தவையே. 2006-ல் இது ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது என்றால் நம்புவீர்களா? பல வருடம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2011-ல் பழங்கட்டடங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு வாங்கியது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் இரண்டு ஞாயிறு திறக்கிறார்கள், இலவசம். ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர ஹீத்ரோ போகிற நாளில் அது திறந்திருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

ஆலைகளில் ஒன்று மட்டும். ஷ்ரூஸ்பரியில் 1797-ல் எழுந்த லினன் நூற்பாலை. அந்தக் காலத்து ஆலைகளில் தளமும் உத்தரமும் மரம், காற்றில் பஞ்சும் தூசும், வெளிச்சத்துக்கு எரியும் விளக்கு. வருடம் தவறாமல் எங்காவது ஒன்று எரிந்து சாம்பலாகும். சார்ல்ஸ் பேஜ் என்பவர் மரத்தையே தூக்கிவிட்டு வார்ப்பிரும்புத் தூண், வார்ப்பிரும்பு உத்தரம், இடையே செங்கல் வளைவு என்று ஐந்து மாடி எழுப்பினார். உலகில் இரும்புச் சட்டகத்தில் நின்ற முதல் கட்டடம் இதுதான். வானளாவிய கட்டடங்களின் தாத்தா என்று இங்கே செல்லமாகச் சொல்வார்கள். பிறகு இது பீருக்கு பார்லி முளைக்கவைக்கும் ஆலையாகி, அதற்கு இருட்டு வேண்டும் என்று ஜன்னல்களை அடைத்து, 1987-ல் மூடி, பாழடைந்து, 2022-ல்தான் மறுபடி திறந்தது. உள்ளே ஒரு தூணைத் தொட்டுப் பாருங்கள், அவ்வளவு ஒல்லி. மேல்மாடிகள் அத்தனையும் இதன் தலையிலா என்று சந்தேகம் வரும்.

இப்போது நமக்குச் சம்பந்தப்பட்ட ஒன்று. ஸ்காட்லாந்தில் இன்வர்னஸுக்கு வடக்கே அல்னஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்ற மலை. உயரம் 450 மீட்டர் சொச்சம். பைன் காட்டு வழியாக ஒரு மணி நேரம் ஏறினால், மொட்டை உச்சியில் ஒரு கல் தோரணம் தன்னந்தனியாக நிற்கிறது. கதவு இல்லை, மதில் இல்லை, பின்னால் ஊரும் இல்லை. நடுவில் வளைவுகள், இரு பக்கமும் தனித்தனித் தூண்கள். மலையேற வருகிறவர்கள் அதில் சாய்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். அந்த வாசல் நாகப்பட்டினத்தின் கோட்டை வாசல்.

கட்டியவர் அந்த நிலத்தின் சொந்தக்காரர் ஹெக்டர் மன்றோ. பக்சர் போரில் வென்ற அதே ஆங்கிலேயத் தளபதி மன்றோ. 1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது, காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை அழிய, துணைக்குப் போய்ச் சேராமல் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடிவந்தவரும் இவரே. அந்த அவமானம் ஆறும் முன்பே, 1781-ல், டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பி 1782-ல் அந்த வாசலின் சாயலில் இதை எழுப்பினார் என்கிறார்கள். தோற்றதை மறக்கடிக்க ஜெயித்ததை மலை உச்சியில் வைத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. ஊர்க்காரர்கள் சொல்லும் கதை வேறு: நிலத்தை இழந்து பட்டினி கிடந்த குடியானவர்களுக்குக் கூலி கொடுக்க அவர் கண்டுபிடித்த வேலை இது, நாள்கூலி நீளட்டும் என்று மேலே ஏற்றிய கற்களைத் தானே உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னாராம். அந்தக் குடியானவர்கள் நிலத்தை இழந்தது எதனால் என்று கேட்டால், ஆட்டுப் பண்ணைக்காக நிலச்சுவான்தார்கள் ஆட்களைக் கிளப்பியதால். தர்மம் என்று சொல்லும் முன் அதையும் கணக்கில் வைக்க வேண்டும். தெளிவான நாளில் அந்த வளைவுக்குள் நின்று பார்த்தால் கீழே குரோமர்ட்டி நீர்க்கழியும் அதில் நங்கூரமிட்ட எண்ணெய்த் துரப்பண மேடைகளும் தெரியும். நாகப்பட்டினம் என்று ஒரு ஊர் எங்கே இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேரிடம் நான் போனில் வரைபடம் காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

இந்தியாவிலிருந்து இங்கே தர்மமாகவே பணம் வந்த கதையும் உண்டு. ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் ஸ்டோக் ரோ என்ற குக்கிராமத்தில், காசி மகாராஜா கொடுத்த பணத்தில் 1864-ல் வெட்டி முடித்த கிணறு. 368 அடி, முழுக்கக் கையால் தோண்டியது. மேலே தங்க நிறக் குமிழோடு ஒரு மண்டபம், அடியில் சின்ன யானை. அந்தப் பக்கத்து ரீட் என்ற அதிகாரி அவரிடம் தன் ஊரின் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

இனி என் சொந்த ஆசைக்கு இரண்டு. நார்தாம்ப்டன்ஷயரில் ரஷ்டன் கிராமத்தில், தாமஸ் டிரெஷம் 1593 முதல் 1597 வரை கட்டிய முக்கோண வீடு. கத்தோலிக்கராக இருந்ததற்காக ஆண்டுக்கணக்கில் சிறையிலும் வீட்டுக்காவலிலும் கிடந்து வெளியே வந்தவர், வாய் திறந்து சொல்ல முடியாததைச் சொல்லுக்குப் பதில் கல்லில் சொன்னார். மூன்று பக்கம், ஒவ்வொன்றும் 33 அடி சொச்சம். மூன்று தளம், ஒவ்வொரு தளத்திலும் பக்கத்துக்கு மூன்று ஜன்னல், பக்கத்துக்கு மூன்று முக்கோண முகடு. சுற்றி ஓடும் லத்தீன் வாசகத்தில் பக்கத்துக்கு 33 எழுத்து. எல்லாம் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஊரார் கேட்டால்? முயல் வளர்ப்புக் காவல்காரனுக்கு வீடு. உண்மையிலேயே அதற்குத்தான் பயன்பட்டது. இன்னொன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில், லாம்ப் ஹோம் என்ற தீவில், இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் 1943-ல் தொடங்கிய சர்ச். இரண்டு தகரக் கொட்டகைகளை ஒன்றாக இணைத்து, டொமெனிக்கோ கியொக்கெட்டி என்ற கைதி உள்ளே முழுக்க ஓவியம் தீட்டினார். செதுக்கிய கல் என்று தோன்றுவது எல்லாம் பூசிய பலகை. விளக்குகள் மாட்டிறைச்சி டப்பாக்களை வெட்டிச் செய்தவை. கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தேடுவது எப்படி என்றால், முதலில் பட்டியல். இங்கிலாந்தில் சுமார் நாலு லட்சம் பதிவுகள் கொண்ட பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து இணையதளத்தில் வரைபடத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் சுற்றியிருப்பதெல்லாம் வரும். கிரேடு 1 என்பது இரண்டரை சதவீதம்தான், அதற்கடுத்து கிரேடு 2 ஸ்டார், மீதி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெறும் கிரேடு 2. நீங்கள் அந்தக் கடைசி வகையில் மேயுங்கள். மைல்கல், குதிரைத் தொட்டி, கல்லறை, டெலிபோன் பூத், பீட்டில்ஸ் நடந்த ஏபி ரோடு பாதசாரிக் கோடு, பிரெஸ்டன் பஸ் ஸ்டாண்ட் எல்லாம் இருக்கும். அந்த பஸ் ஸ்டாண்டை இடிக்கத் திட்டமிட்டிருந்தபோது 2013-ல் பட்டியலில் சேர்த்தார்கள். கான்கிரீட் பிடிக்காதவர்கள்கூட ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனிப் பட்டியல்.

அடுத்தது ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம், ஆரஞ்சு அட்டை போட்டது. அதில் சதுரத்தின் மேல் சிலுவை என்றால் கோபுரமுள்ள சர்ச், வட்டத்தின் மேல் சிலுவை என்றால் கூர்கோபுரம். பழம்பொருள் இருக்கும் இடப்பெயர்கள் பழைய கோதிக் எழுத்தில் இருக்கும். கோதிக் எழுத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளிக்கோட்டில் நடைபாதை போனால் அந்த வழியில் போக உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, வயல் நடுவே போனாலும் சரி.

மூன்றாவது செப்டம்பர் மாதம். ஹெரிட்டேஜ் ஓபன் டேஸ் என்று, மற்ற நாளில் உள்ளே விடாத கட்டடங்களை நாடு முழுக்க இலவசமாகத் திறக்கிறார்கள். 1994-ல் தொடங்கியது. லண்டனுக்கு ஓபன் ஹவுஸ் என்று தனி விழா, அதுவும் செப்டம்பரில்தான். பெரிய இடங்களுக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், சின்ன இடங்களைக் குறிவையுங்கள். வழிபாடு நின்றுபோன சர்ச்சுகளைக் காக்கும் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட், சிலவற்றில் இரவு தங்கவே வாடகைக்கு விடுகிறது. மடக்குக் கட்டில் தருவார்கள், குளிரும். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் லேண்ட்மார்க் டிரஸ்டின் விசித்திரக் கட்டடங்களிலும் தங்கலாம், ஸ்காட்லாந்தில் கல்லில் செய்த அன்னாசிப்பழத்தின் அடியில்கூட. தலைக்குக் கணக்குப் போட்டால் சுமாரான ஓட்டல் செலவுதான் ஆகும், அதுவும் குளிர்கால வார நாள்களில்.

பட்டியலில் இருப்பதால் உள்ளே போக உரிமை உண்டு என்று அர்த்தமில்லை, பெரும்பாலானவை யாரோ குடியிருக்கும் வீடுகள். தெருவில் நின்று பார்க்கலாம், ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் திட்டு விழும். பாழடைந்த ஆலைகளுக்குள் வேலி தாண்டிப் போகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். மரத் தளம் எங்கே உளுத்திருக்கிறது என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது.

ஒரு வருடத்தில் என்ன முடியும் என்றால், முதல் ஞாயிறு ஆஷ்வெல். கிங்ஸ் கிராஸிலிருந்து ரயில் உண்டு, ஆனால் ஸ்டேஷன் பெயரில் ஊர் பெயர் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், சர்ச்சுக்கு நல்ல நடை. காலையில் பூசை இருக்கும், மதியத்துக்கு மேல் போங்கள். செப்டம்பரை லண்டனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்னிக்குப் பணமும் நாளும் தேறவில்லை என்றால் விட்டுவிடலாம், ஆனால் இன்வர்னஸ் வரை போனால் ஃபைரிஷ் ஏறாமல் வந்துவிடாதீர்கள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளும், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.